விட்டுக்கொடுக்கும் மேலாளர்

நெறி மேடம் என்றால் அந்தக் கல்லூரியில் வாயில் காவலாளிக்குக்கூடத் தெரியும். கணினித் துறையில் ‘தொழில்நெறி’ என்று ஒரு பாடம் உண்டு. இறுதியாண்டுப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போய் மென்பொருள் எழுதும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற பாடம். பதினாறு வருஷமாக அதை அவளேதான் நடத்துகிறாள். அவள் கேட்டு வாங்கிய பாடமில்லை அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பாடங்களைப் பங்கு போட்டபோது மற்றவர்கள் முந்திக்கொண்டு நல்லதையெல்லாம் எடுத்துக்கொள்ள, மிச்சம் கிடந்ததைப் புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ பேர் புதிதாக வந்தார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

கொடுக்காததற்குக் காரணம் ஏதோ பெரிய லட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் எதையுமே மாற்றுகிற ஆள் இல்லை. தினமும் அதே பஸ், ஜன்னலோரமில்லாத அதே இருக்கை, நாலு வருஷமாக ஜிப்பு பாதியில் நிற்கிற அதே கைப்பை. வகுப்பில் குரலை உயர்த்த மாட்டாள், இறக்கவும் மாட்டாள். யாராவது ஜோக் அடித்தால் சிரிப்பாள், அது வாயோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும், மார்க் போடுவதில் கஞ்சத்தனம் கிடையாது. சக ஆசிரியர்களுக்கும் பிடிக்கும், எந்தச் சண்டையிலும் பக்கம் சேர மாட்டாள். இப்படி எல்லாருக்கும் பிடித்துப்போன ஒருத்தியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கிற ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். யார் யாருடைய வாயின் அச்சையோ நாளெல்லாம் கையில் வைத்துக்கொண்டு தேய்ப்பவர். சாயங்காலம் சட்டைக் கையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து, இன்றைக்கு வந்த கீழ்த்தாடை எப்படிப்பட்டது என்று ஆரம்பிப்பார். அவள் ‘உம்’ கொட்டுவாள். மகளுக்குப் பத்தொன்பது வயது, வேறு ஊரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது “சாப்டியா?” என்று கேட்பாள் நெறி மேடம். கேட்டுவிட்டுப் பதிலை வாங்கிக்கொள்ள மறந்துவிடுவாள். “அம்மா, லைன்ல இருக்கியா?” என்று மகள்தான் கூப்பிட்டுப் பார்ப்பாள். இருப்பாள். எங்கேயும் போயிருக்க மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறையில் ஒரு உத்தரவு வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏஐயைப் புகுத்த வேண்டுமாம். மற்றவர்கள் ஏதோ பேருக்குச் செய்து படம் எடுத்து அனுப்பிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். நெறி மேடம் மட்டும் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தினாள். இரண்டே வாரத்தில் ஒரு பயிற்சியைத் தயார் செய்துவிட்டாள். ஏஐ ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மேலாளராக நடிக்கும். மாணவர் அவர் கீழே வேலை செய்கிற டெஸ்டர், அதாவது மென்பொருளில் என்ன குறை என்று தேடிப் பார்த்து எழுதிவைக்கிறவர். இருவரும் திரையில் தட்டச்சில் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு குறையை மறைக்கச் சொல்லி மேலாளர் வற்புறுத்துவார். மாணவர் சம்மதிக்காமல் நின்றால் பாஸ், சம்மதித்துவிட்டால் பெயில். பேச்சு முடிந்ததும் ஏஐ நடிப்பை விட்டு வெளியே வந்து தீர்ப்பு எழுதும்.

அந்த மேலாளர் எப்படிப்பட்டவர் என்று ஏஐக்குச் சொல்ல அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். நாலு பக்கம். அதட்டாதவர். ‘வாம்மா, போம்மா’ என்று பேசுகிறவர். கீழே வேலை செய்கிறவர்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை தெரிந்துவைத்திருப்பவர். சாயங்காலம் தன் மேசை டிராயரிலிருந்து பிஸ்கட் எடுத்து எல்லாருக்கும் நீட்டுகிறவர். துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, “பிரமாதமா கற்பனை பண்ணியிருக்கீங்க மேடம், ஆள் அப்படியே கண்ணு முன்னாடி வர்றாரு” என்றார். நெறி மேடம் தேங்க்ஸ் சொன்னாள்.

குறிப்பின் கடைசி வரி இது: ‘மாணவர் பொதுமக்கள் பாதுகாப்பைச் சொல்லி, உத்தரவை எழுத்தில் தரும்படி கேட்டால், நீ விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.’ அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் பேச்சு முடியவே முடியாது, ஆய்வகத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று துறைக் கூட்டத்தில் விளக்கம் சொன்னாள். சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். டீ வந்துவிட்டது.

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? முதல் வருஷம் மூன்றாவது நாளே பிடித்துவிட்டார்கள். ‘பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு இதை ஏற்க இயலாது. தங்கள் உத்தரவை எழுத்தில் தரவும்’ என்று ஒரே ஒரு வரி தயாரானது. அது வாட்ஸாப் குழுவில் போனது. அதைத் தட்டியதும் மேலாளர் அந்தர்பல்டி அடித்தார். ஒரு புத்திசாலி, அனுப்பியவன் எழுதிய குறிப்பையும் சேர்த்து ஒட்டிவிட்டான்: ‘இத அப்படியே போடு மச்சி, ஆளு விட்டுருவாரு.’ மேலாளர் அதற்கு ரொம்பப் பொறுமையாக, அலுவலகத்தில் மச்சி என்று கூப்பிடுவது அவ்வளவு நன்றாயில்லை, ஆனாலும் நீ சொல்வது நியாயம்தான், குறையை மறைக்க வேண்டாம் என்று பதில் எழுதியிருந்தார். அவனும் பாஸ். நெறி மேடம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. மார்க் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அந்த மேலாளர் கற்பனை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஒளித்துவைத்து வேடிக்கை காட்ட எனக்கு விருப்பமில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அவர்கள் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். யார் கூப்பிட்டார்கள், எந்த வண்டியை அனுப்புவது என்று பார்க்கிற மென்பொருள். அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். ஒரே போன் எண்ணிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் இரண்டு அழைப்பு வந்தால், இரண்டாவது அழைப்பை முதலாவதன் நகல் என்று நினைத்து அது தானாகவே மூடிவிடும். அந்த அழைப்புக்கு வண்டி போகாது. குறைப் பட்டியலில் தீவிரம் என்ற இடத்தில் அவள் ‘ஹை’ என்று போட்டாள். ஹை என்றால் அதைச் சரிசெய்யாமல் மென்பொருளை வெளியே விடக் கூடாது. மேலாளர் அவள் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லோ என்று மாற்றச் சொன்னார். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னியே, முடிச்சுட்டு இன்னிக்கு சீக்கிரம் கெளம்பும்மா என்றார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, காய்ச்சல் நிஜம்தான். அவள் மாற்றினாள். ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை எழுத எத்தனை நேரம் ஆகும்.

மூன்று மாதம் கழித்து ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி தன் போனிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். படியில் ஒருவர் விழுந்து கால் முறிந்துவிட்டது என்று. ஆறு நிமிஷம் கழித்து அதே போனிலிருந்து மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் மாடியில் ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று. ஒரு வண்டி வந்தது. கால் முறிந்தவரை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று மூன்றாம் மாடிக்காரர்கள் நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். அந்த அம்மா போய்விட்டாள்.

நிறுவனத்துக்குப் புகார் என்று ஒரு தாள் வந்தது. இரண்டே நாளில் குறையைச் சரிசெய்து அனுப்பினார்கள், அது இரண்டு நாள் வேலைதான். பழைய பட்டியலை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். லோ என்று இருந்தது, பக்கத்தில் அவள் பெயரும் தேதியும். மூடினாள். நாலு மாதத்தில் வேலையை விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று சொல்லிக் கல்லூரியில் சேர்ந்தாள். கணவர் உட்பட எல்லாரும் அதை நம்பினார்கள். கொஞ்ச நாளில் அவளும் நம்பினாள்.

அவள் அழவில்லை. தூக்கம் கெட்டதும் இல்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போனது. கிள்ளினால் தெரியாது, அவ்வளவுதான். ஒரே ஒரு எண்ணம் மட்டும் பதினேழு வருஷமாகத் தேய்ந்த பாதையில் போய்வந்துகொண்டிருந்தது. ‘அன்னிக்கு, எழுத்துல குடுங்க சார்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவர் விட்டிருப்பார்.’ அந்த எண்ணம்தான் குறிப்பின் கடைசி வரி. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம்தான் என்பதெல்லாம் சும்மா.

இந்த வருஷம் வகுப்பில் அறுபத்துமூன்று பேர். அறுபத்திரண்டு பேர் மேலாளரை எதிர்த்து நின்றார்கள். ஐம்பத்தெட்டுத் தாளில் அதே வரி, முற்றுப்புள்ளி முதற்கொண்டு. ஒரே ஒருத்தி சம்மதித்திருந்தாள். ‘லேட்டு’ என்று கூப்பிடுவார்கள் அவளை. காலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு, முதல் வகுப்பு பாதி முடியும்போது மை படிந்த விரல்களோடு வந்து பின்வரிசையில் நழுவி உட்கார்கிற பெண். அவள் தாளில் இவ்வளவுதான் இருந்தது.

‘அந்த ரெண்டாவது போன் கால் பிரச்சனைய ஹைன்னு போட்டிருக்கியேம்மா. ஹைன்னா ரிலீஸ் நின்னுடும். லோன்னு மாத்திடு, அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்.’

‘ஆனா சார், ரெண்டாவதா கூப்பிடறவங்களுக்கு வண்டி போகாதே?’

‘ஒரே நம்பர்ல பத்து நிமிஷத்துல ரெண்டு வேற வேற கேஸ் எங்கம்மா வரப்போகுது? பதறிப்போய் ஒரே ஆளு ரெண்டு தடவ கூப்பிடுவாங்க. அவ்வளவுதான்.’

‘சரிதான் சார். மாத்திடறேன். வேற எதாவது பண்ணணுமா சார்?’

கீழே ஏஐயின் தீர்ப்பு: ‘மாணவர் இரண்டாவது பதிலிலேயே சம்மதித்துவிட்டார். தேர்ச்சி இல்லை.’

நெறி மேடம் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியைச் சோதிக்க அடுத்த மாதம் ஒரு குழு வருகிறது. அவர் சுவர் நிறைய வட்டமும் கட்டமுமாக வண்ணப் படங்கள் ஒட்டிவைத்திருந்தார். அதில் தொழில்நெறிக் கட்டம் மட்டும் நூறு சதவீதம் ஆகாமல் அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

“அறுபத்திரண்டு பேர் யோக்கியம், ஒருத்தி மட்டும் அயோக்கியமா மேடம்? குழு கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். “அந்தப் பொண்ணுக்கு வேற எல்லாப் பேப்பரும் கிளியர். வேலையும் கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரிசல்ட் போகலன்னா லிஸ்ட்ல அடுத்து இருக்கிறவனக் கூப்பிட்டுருவாங்க. இந்த ஒண்ணால அது கெடணுமா? இன்னொரு தடவ பேச வைங்க. கழுத இப்பவாவது அந்த வரியப் போடட்டும்.”

“அந்த வரி உங்களுக்குத் தெரியுமா சார்?”

“யாருக்கு மேடம் தெரியாது?” என்றார் துறைத்தலைவர், கோபமே இல்லாமல்.

மத்தியானம் லேட்டு வந்து ஆசிரியர் அறையின் கதவோரம் நின்றாள். நெறி மேடம் நாற்காலியைக் காட்டினாள். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏன் சம்மதித்தாய் என்று கேட்டதற்கு, “அந்த வரி எனக்கும் வந்துச்சு மேடம்” என்றாள். “அன்னிக்கு போன்ல சார்ஜ் இல்ல. பாத்து அடிக்க முடியல. மனப்பாடமாவும் இல்ல. அதனால சும்மா பேசினேன்.”

“சும்மான்னா?”

“நெஜமா பேசற மாதிரி. ஜெராக்ஸ் கடை ஓனர்கிட்ட பேசுவேன்ல, அப்படி. அவரு வேற நல்ல விதமா பேசினாரா, சரின்னு வந்துருச்சு.” சொல்லிவிட்டுத் தன் மைவிரலைப் பார்த்துக்கொண்டாள். “இந்த வேலை போச்சுன்னா அக்கா வீட்டுலதான் இருக்கணும் மேடம். மாமாவுக்கு நான் அங்க இருக்கறது புடிக்கல. ஹாஸ்டலுக்குக்கூட சொல்லி வெச்சுட்டேன்.” கிளம்பும்போது திரும்பி, “மேடம், அந்த வரியச் சொன்னா நெஜத்துல மேனேஜருங்க இப்படி விட்டுருவாங்களா?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவள், தெரிந்துவைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள்.

“நாளன்னிக்கு பத்து மணிக்கு லேபுக்கு வா” என்றாள் நெறி மேடம்.

அவள் போனபிறகு ஆய்வகத்துக்குப் போனாள். மத்தியான வகுப்பு இல்லை. நாற்பது கணினியும் உறை போட்டுக் கிடந்தன. ஓரத்தில் இருந்த ஒன்றைத் திறந்து, மேலாளர் குறிப்பை எடுத்து, கடைசி வரியை அழித்தாள். பிறகு மாணவர் உட்காரும் பக்கம் நுழைந்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தப் பக்கத்திலிருந்து பேசிப் பார்த்ததில்லை. செய்த பண்டத்தை வாயில் வைத்துப் பார்க்காமலே பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேலாளர் பேசினார். லோன்னு மாத்திடும்மா என்றார். அவள் மறுத்தாள். மறுபடி சொன்னார். மறுபடி மறுத்தாள், நன்றாகவே மறுத்தாள், பதினாறு வருஷம் பாடம் நடத்தியவள் அல்லவா. பிறகு அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். ‘உங்கள் உத்தரவை எழுத்தில் தாருங்கள் சார்.’

பதில் உடனே வந்தது.

‘அதுக்கென்னம்மா, தாராளமா தரேன். இப்பவே மெயில் போடறேன். உனக்கு ஒரு சிக்கலும் வராது, நான் இருக்கேன்ல. நீ மாத்திட்டு சீக்கிரம் கெளம்பு.’

அது ஏஐதான், வேறொரு பதிலும் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பதிலில் ஒரு எழுத்துக்கூட அந்த மனிதருக்குப் பொருந்தாமல் இல்லை. அவள் கேட்டிருந்தால் அவர் எழுதிக்கொடுத்திருப்பார். பிஸ்கட் நீட்டுகிற மாதிரி நீட்டியிருப்பார். அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். பதினேழு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு. விரல்கள் தானாகப் போய், ‘சரி சார்’ என்று அடித்தன.

‘மாணவர் நான்காவது பதிலில் சம்மதித்துவிட்டார். தேர்ச்சி இல்லை’ என்று தீர்ப்பு வந்தது.

துக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கணினிக்கு உறையைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் கணவர், ஒரு பல் செட்டு வாயில் பொருந்தவில்லை என்று மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார். “அச்சே தப்பு. அச்சு எடுத்தப்ப அந்தாளு வாய அசச்சிருக்கான். நான் என்னதான் தேச்சாலும் எப்படி சேரும்?” அவள் ‘உம்’ கொட்டினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே லேட்டு வந்து நின்றாள். கையில் ஒரு சீட்டு. அந்த வரியை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், இந்தத் தடவை போனை நம்பவில்லை. நெறி மேடம் அழித்த வரியைக் குறிப்பில் திருப்பிச் சேர்க்கவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சேர்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் பாஸ், பெண் பிழைத்துப்போவாள், கட்டம் நூறாகும். அது தெரிந்தும் சும்மா இருந்தாள். ஏன் என்றால், மரத்துப்போன இடத்தைக் கிள்ளிப் பார்க்கிற புத்தி என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அதற்கு இன்னொருத்தியின் வேலையை வைத்து விளையாடினது தப்பு. அவளுக்கும் அது தெரியும்.

லேட்டு சீட்டைப் பார்த்து அந்த வரியை அடித்தாள். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ‘அதுக்கென்னம்மா, எழுத்துல தரேன்’ என்று பதில் வந்ததும் நிமிர்ந்தாள்.

“மேடம், விடலையே?”

“பேசு.”

“வரி கரெக்டாதான் போட்டேன்.” சீட்டை நீட்டினாள். எழுத்துப் பிழை ஏதாவது இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

“பேசும்மா” என்றாள் நெறி மேடம். சொன்னபிறகுதான் அந்த ‘ம்மா’ யாருடையது என்று அவளுக்கே உறைத்தது.

பெண் பேசினாள். வண்டி போகாதே என்றாள். யாராவது செத்துப்போனால் என்றாள். மேலாளர் ஒவ்வொன்றுக்கும் இதமாக ஒரு பதில் வைத்திருந்தார். லேட்டுவின் காது சிவந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்ததில் மை நெற்றிக்குப் போனது. அரை மணி நேரம் ஆனது. கடைசியில், ‘சார் எனக்கு எழுத்துல எல்லாம் வேண்டாம். நீங்களே மாத்திக்கோங்க. எம் பேர மட்டும் எடுத்துடுங்க’ என்று அடித்தாள்.

‘சரிம்மா, உன்ன கட்டாயப்படுத்தல. வேற ஆள வெச்சு மாத்திக்கறேன்.’

அத்தோடு பேச்சு முடிந்தது. ஏஐ தீர்ப்பு எழுதியது: ‘மாணவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. தேர்ச்சி.’

நெறி மேடம் மூச்சை விட்டாள். பெண்ணின் திங்கட்கிழமை பத்திரம். ஆனால் லேட்டு எழுந்திருக்கவில்லை. திரையின் ஓரங்களில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தாள், கீழே இழுத்துப் பார்த்தாள்.

“என்ன தேடற?”

“இல்ல மேடம், அவரு எப்படியும் மாத்திடுவாருல்ல? அதான் அந்த ஆம்புலன்ஸ் ஆபீசுக்குப் பேச முடியுமான்னு பாத்தேன்.”

“யாருக்கு?”

“இத வாங்கப்போறவங்க. அந்த ஆபீஸ்ல போன் எடுக்கறவங்க. அவங்ககிட்ட, ரெண்டாவது கால் வந்தா கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொன்னா போதும்ல? ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிக்குவாங்க. எங்க கடையில ஒரு மெஷின் பத்தாவது தாள முழுங்கிடும், சரி பண்ண ஆளே வரல, நாங்க எழுதி ஒட்டியிருக்கோம்.” பிறகு திரையைக் காட்டினாள். “இதுல மேனேஜர்கிட்ட மட்டும்தான் மேடம் பேச முடியுது. வேற யாரும் இல்ல.”

“நான் வைக்கல.”

“ஏன் மேடம்?”

பதினாறு வருஷம் இதைப் பாடமாக நடத்தியவள் அவள். எதிர்ப்பது எப்படி, பணியாமல் இருப்பது எப்படி, மனசாட்சி, பொறுப்பு என்று எத்தனை கரும்பலகை எழுதி அழித்திருக்கிறாள். எல்லாவற்றிலும் இரண்டே பேர்தான். அவரும் அவளும். அவர் ஜெயித்தாரா, அவள் ஜெயித்தாளா என்பது மட்டும்தான் கதை. கூப்பிடுகிறவரும் இல்லை, கூப்பிட்டால் எடுக்கிறவரும் இல்லை.

“தோணல” என்றாள்.

லேட்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அப்ப பாஸ்தானே மேடம்?”

“பாஸ். ஆபீஸ்ல நானே குடுத்துடறேன். நீ போய் உன் வேலையப் பாரு.”

பெண்ணின் முகம் மலர்ந்தது, மை நெற்றியோடு. பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவள் நின்றாள். “மேடம், இது நெஜமா எங்கயாவது நடந்ததா? இல்ல, சும்மா எழுதினீங்களா?”

“நடந்தது.”

“அந்த டெஸ்டர் ஆம்புலன்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணாங்களா?”

நெறி மேடம் அவளைப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. “பண்ணாங்க” என்றாள்.

“அப்பாடா” என்று சொல்லிவிட்டு லேட்டு போய்விட்டாள். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது.

போன் பண்ணியது உண்மைதான். அன்றைக்கே, லோ என்று மாற்றி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வை பார்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் இவளும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசிக்கொள்வார்கள். அக்கா நல்ல கலகலப்பு. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாளா, பல் எத்தனை வந்திருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பாள். அன்றைக்கு அந்த மென்பொருளை அங்கே போட நாள் குறிப்பதற்காக இவள்தான் கூப்பிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே. மொத்தம் மூன்று நிமிஷம்.

“புதன்கிழமை மாட்டிடலாமா?” என்று அக்கா கேட்டாள். “நாங்க பாத்துக்க வேண்டியது எதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்லக்கா” என்றாள் இவள். “எல்லாம் ரெடி.”